இடுப்பெலும்பைத் தொடாமல் விற்ற பை

1. தையலறையிலிருந்து முன்னுக்கு

நான் வேட்டைக்காரி இல்லை. இதை முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதை வாசித்துவிட்டு யாராவது என்னிடம் துவக்கு, அதுதான் துப்பாக்கி, அதைப் பற்றிக் கேட்பார்கள். துவக்கைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பை தெரியும். மலையில் மானைச் சுட்டு, அதன் இறைச்சியைச் சுமந்துகொண்டு, பாதையில்லாத இடத்தால் ஒன்பது பத்துக் கிலோமீற்றர் இறங்கிவர ஒரு மனிதனுக்கு எப்படிப்பட்ட முதுகுப்பை வேண்டும் என்று கேளுங்கள், ஒரு மணித்தியாலம் நிற்காமல் கதைப்பேன். போன ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கடைகளில் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு டென்மார்க்கில், பிராண்டே என்கிற ஊரில். என் வீட்டுக்காரர், இவருக்குக் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. நான் முதலில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தேன். அது மூடியபின், காரில் இருபத்தைந்து நிமிடம் போனால் வருகிற ஒரு வேட்டைச் சாமான் கடையில், பின்னறையில் அறுந்த பட்டியும் பல்லு உடைந்த ஜிப்பும் தைக்கும் வேலை கிடைத்தது. கடையின் பெயர் வேண்டாம். முதலாளியை மோவன்ஸ் என்று சொல்லிக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சமைக்கிற நான் மான் சுடுகிறவர்களின் கடையில் வேலை செய்கிறேன் என்று எங்கள் சனத்துக்கு ஒரே வேடிக்கை. கோயிலில் கண்டால் கேட்பார்கள், "என்ன ரஞ்சியக்கா, இந்தக் கிழமை எத்தினை மான்?" நானும் விடுவதில்லை. "உன்ர வீட்டுக்காரரைக் கொண்டுவந்து விடு, எண்ணிக்கையில சேக்கிறன்" என்பேன்.

நான்கு வருடம் பின்னறையில் தைத்தேன். ஒரு பங்குனி மாதம், பைகள் விற்கிற பகுதியில் நின்ற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். மோவன்ஸ் தையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"ரஞ்சி, உமக்குப் பையின்ர உள்ளும் புறமும் தெரியும். நாளையில இருந்து முன்னுக்கு நில்லும். மூண்டு மாதம் பாப்பம். சரிவந்தா முழுநேரம், நிரந்தரம். சரிவரேல்லை எண்டா திரும்பத் தையலுக்கு வரலாம்."

தையல் என்றால் கிழமைக்கு இரண்டு நாள் வேலை. முழுநேரம் என்றதும் எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கதைத்ததெல்லாம் டேனிஷில். அதில் முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் ஒரே சொல்தான், நீ நீர் நீங்கள் என்ற பேதம் இல்லை. ஆனால் என் காதில் மோவன்ஸ் என்னை நீர் என்றுதான் கூப்பிட்டார், நான் அவரை நீங்கள் என்றுதான் சொன்னேன். காதில் விழுந்தபடியே எழுதுகிறேன்.

மறுநாள் காலை அவர் எனக்குப் பை அளக்கக் காட்டித்தந்தார். ஒரு வாடிக்கையாளர், ஆறடிக்கு மேல் உயரம். "தலையைக் குனியுங்கோ" என்றார் மோவன்ஸ். கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அங்கே விரலை வைத்தார். பிறகு இரண்டு கையாலும் அந்த மனிதனின் இடுப்பைப் பிடித்து, பெருவிரலால் அழுத்தி எலும்பைத் தேடினார். "இஞ்ச இருந்து இஞ்ச வரைக்கும். உயரம் கணக்கில்லை. ஒரே உயரமான ரெண்டு பேருக்கு ரெண்டு நீளத்தில முதுகு இருக்கும். கையை வையும், ரஞ்சி. எலும்பைத் தேடும்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனால் அறியாத ஆம்பிளையின் இடுப்பில் கை வைத்து எலும்பு தேடுவதென்றால்! யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், கொப்பியை ஒரு பையனிடம் கொடுப்பதென்றால்கூட மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்போம், அவன் வந்து எடுப்பான். நான் விரல் நுனியால் அந்த மனிதனின் சட்டையைத் தொட்டேன், "ஓம், விளங்குது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

விளங்கவில்லை. விளங்கியதாகக் காட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கால்சட்டை பெல்ட் எங்கே இருக்கிறதோ அதுதானே இடுப்பு? கழுத்து எலும்பு கண்ணுக்குத் தெரியும், பெல்ட் கண்ணுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் அளவுநாடாவைத் தொடாமல் பிடித்தால் போதும். தையல்காரிக்குக் கண்மதிப்பு கைவந்த கலைதானே என்று எனக்குப் பெருமை வேறு.

வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணியோடு இவர் பகிடி தொடங்குவார். "இஞ்சாரும், இண்டைக்கு எத்தினை பேற்ற இடுப்பைப் பிடிச்சனீர்?"

"ஒருத்தற்றையும் பிடிக்கேல்லை. கண்ணாலயே அளந்திட்டன்."

"கெட்டிக்காரி" என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2. பிரெபென்

சித்திரை மாதத்தில் பிரெபென் வந்தார். தச்சுவேலை செய்கிற மனிதர், அறுபத்தொரு வயது, கை இரண்டும் மரக்கட்டை மாதிரி உறுதி. வந்ததும் சட்டையின் கழுத்தை இழுத்து இடது காறை எலும்பைக் காட்டினார். ஒரு நீளத் தழும்பு.

"கட்டடச் சாரத்தில இருந்து விழுந்தனான். உள்ளுக்கு இரும்புத் தகடு இருக்கு. இந்தத் தோளில பாரம் விழக்கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். விழுந்தா கை விறைச்சுப்போகும்."

"அப்ப ஏன் மலைக்குப் போறீங்கள்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். விற்கிறவள் கேட்கிற கேள்வியா அது!

அவர் சிரித்தார். நோர்வே மலையில் காட்டு மான் சுட அவருக்கும் கூட்டாளி கார்ஸ்டனுக்கும் அனுமதி கிடைத்திருந்தது. இருபது வருடமாக இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். டென்மார்க்கில் வேட்டை வேறு. வயலோரம் ஒரு மான் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் காரைக் கிட்டக் கொண்டுவந்து ஏற்றிவிடலாம். நோர்வேயில் காரை விட்ட இடத்திலிருந்து ஒரு நாள் நடக்க வேண்டும். சுட்டதை முதுகில்தான் கொண்டுவர வேண்டும். சுட்டவன் சுமக்க வேண்டும், அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வருகிறவனை அவர்கள் மனிதனாகவே எண்ணமாட்டார்கள்.

"விழுந்ததுக்குப் பிறகு இதுதான் முதல் தரம்" என்றார் பிரெபென். "பாரம் முழுக்க இடுப்பில இருக்கோணும், தோளில ஒண்டும் வேண்டாம். இந்தமுறை என்ர உடம்பு தாங்கேல்லை எண்டா, துவக்கை வித்துப்போட்டு வீட்டில இருப்பன். மனிசிக்கும் சொல்லிப்போட்டன்."

பை தெரிவு செய்வதில் நான் குறைவைக்கவில்லை. அவர் முதலில் எடுத்தது தொண்ணூறு லீட்டர்ப் பை, உள்ளே பிரேம் இல்லாதது. "லீட்டரைப் பாக்காதையுங்கோ" என்றேன். பெரிய பை என்றால் மனிதன் அதை நிரப்பத்தான் செய்வான். வேட்டைக்குப் போகும்போது பை மெலிந்து இருக்க வேண்டும், வரும்போது கொழுத்திருக்க வேண்டும். அதற்கு உறுதியான பிரேம் வேண்டும், பிரேமுக்கும் பைக்கும் நடுவில் இறைச்சியை வைத்து இறுக்கிக் கட்ட இடம் வேண்டும். இறைச்சி முதுகோடு ஒட்டி, மேலே, தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அடியில் கிடந்தால் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். இரத்தம் கழுவக்கூடிய துணி, ஆனால் உரசினால் சரசரக்காத துணி. மான் அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஒரு வருடக் காத்திருப்புப் போய்விடும். பையின் தையல்களைத் திருப்பிக் காட்டினேன், பட்டி சேருகிற இடத்தில் எத்தனை தரம் ஓடியிருக்கிறது என்று. அவர் தச்சர் அல்லவா, மூட்டுகளை ரசித்துப் பார்த்தார்.

அறுபத்தைந்து லீட்டர்ப் பை ஒன்றைத் தெரிந்தோம். அதன் பின்பலகையில் ஏணிப் படிபோல ஆறு துவாரங்கள். ஆளின் முதுகு நீளத்துக்கு ஏற்றபடி தோள்பட்டியை ஏதாவது ஒரு படியில் மாட்டலாம்.

பிறகு அளவு. பிரெபென் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். நல்ல தொந்தி. கால்சட்டை தொந்திக்குக் கீழே, நன்றாக இறங்கி நின்றது. நான் தொடவில்லை. கழுத்து எலும்பிலிருந்து பெல்ட் வரை கண்ணால் அளந்தேன். ஐந்தாவது படி. இடுப்புப் பட்டையை அந்த பெல்ட்டுக்கு மேலேயே பூட்டினேன்.

பதினைந்து கிலோ மணல்பையைப் போர்வையில் சுற்றி உள்ளே வைத்தேன். பத்து நிமிடம் கடைக்குள்ளே நடந்தார்.

"ஒண்டுமே தெரியேல்லை!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "தோளில ஒரு துளி பாரமில்லை. ரஞ்சி, நீர் ஒரு தெய்வம்."

3. லோன என் கையைப் பிடித்தாள்

ஆனி மாதத்தில் லோன என்று ஒரு பெண் வந்தாள். காற்றாலைக் கோபுரங்களில் ஏறித் திருத்துகிற வேலை. கிறீன்லாந்துக்கு வேட்டைக்குப் போகப் பை வேண்டுமென்றாள். பெண் என்றபடியால் கூச்சம் குறைவு, ஆனால் பழக்கம் பழக்கம்தானே. கண்ணால் அளந்து இடுப்புப் பட்டையைக் கால்சட்டை பெல்ட்டுக்கு மேல் வைத்தேன்.

"எங்க வைக்கிறீர்?" என்றாள்.

"இடுப்பில."

"இது இடுப்பில்லை, இது குண்டி!" என்று சொல்லிவிட்டு, அவள் என் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் பக்கவாட்டில் அழுத்தினாள். பெல்ட்டிலிருந்து நாலு விரல் மேலே. விரலுக்கு அடியில் எலும்பின் விளிம்பு கிண்ணத்தின் வாய்போலத் தெரிந்தது. "பாரும், இதுதான் தட்டு. இதில பட்டை குந்தோணும். அரைவாசி மேல, அரைவாசி கீழ. நான் தினமும் கோபுரத்தில வார் கட்டி ஏறுறனான், எனக்குத் தெரியாதே? உதுக்குக் கீழ வைச்சா, பாரம் கூடினவுடன வழுகி இறங்கிப்போடும். பேந்து எல்லாம் தோளில."

எல்லாம் தோளில். பிரெபென் காட்டிய தழும்பு என் கண்முன் வந்து நின்றது.

லோனவுக்குச் சரியாக அளந்து பை கொடுத்து அனுப்பினேன். அவள் போனதும் பின்னறைக்குப் போய் என் இடுப்பை நானே பிடித்துப் பார்த்தேன். ஓம், அதே விளிம்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்த எலும்பு, நான் ஒருநாளும் தேடியதில்லை.

பிரெபென் தொந்திக்குக் கீழே கால்சட்டை போடுகிற மனிதர். அவருக்கு நாலு விரல் அல்ல, ஆறு விரல் கீழே வைத்திருப்பேன். பதினைந்து கிலோவில் வழுகாது, துணி உரசிப் பிடித்துக்கொள்ளும். முப்பத்தைந்து கிலோ இறைச்சியில் நிச்சயம் வழுகும். நான் கண்ணால் அளந்து விற்ற மற்றவர்களுக்கு நல்ல தோள் இருந்தது, சமாளித்திருப்பார்கள். இந்த மனிதருக்கு அது இல்லை என்று அவரே காட்டிச் சொல்லியிருந்தார்.

திருத்துவது எவ்வளவு சின்ன வேலை! பட்டையை எலும்புக்கு ஏற்ற வேண்டும், தோள்பட்டியை ஐந்தாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு இறக்க வேண்டும். பத்து நிமிடம். அவருடைய போன் இலக்கம் கடைக் கணினியில் இருந்தது.

4. நாலு மாதம்

ஏன் அன்றைக்கே போன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று, மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது. முதலாளியிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "மோவன்ஸ், வித்த பை சரியா இருக்கோ எண்டு ஆக்களுக்குப் போன் எடுத்துக் கேக்கிறதோ?"

"ஆராவது முறைப்பாடு சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் கரைச்சல்? பிழை எண்டா அவையே வருவினம்." அவருக்கு விசயம் தெரியாது, அவரில் பிழையில்லை. நான்தான் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டேன். அடுத்த கிழமை நிரந்தரக் கடிதம் கையெழுத்தானது.

மற்றது, வெட்கம். என்னவென்று சொல்வது? உங்கள் இடுப்பைத் தொடக் கூச்சமாக இருந்தது, அதனால் ஊகித்து அளந்துவிட்டேன் என்றா? டேனிஷில் அந்த வசனத்தை மனதுக்குள் பத்துத் தரம் கட்டிப் பார்த்தேன். சொல்லில் பிழை வரவில்லை, ஆனால் வாய் வரவில்லை. இரண்டு தரம் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கமுன் வைத்துவிட்டேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பகிடி விடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. "நாங்கள் இறக்கையில ஒரு ஓட்டை பிழையா அடிச்சா அந்த நிமிசமே சொல்லோணும்" என்றார். "பேந்து அது மேல ஏறி நிண்டு சுத்தேக்க ஆர் போய்ப் பிடிக்கிறது?"

"இது வெறும் பை தானேயப்பா."

"அப்ப ஏன் நீர் மூண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன்.

பிறகு ஆவணி வந்தது. பிரெபென் தானாகவே போன் எடுத்தார். அடுத்த நாள் நோர்வேக்குப் புறப்படுகிறாராம். இறைச்சியைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவதா துணிப்பையில் போடுவதா என்று கேட்டார்.

"துணி. பிளாஸ்டிக்கில போட்டா வேர்த்துப் பழுதாப்போகும்" என்றேன்.

"வேற ஏதும் நான் கவனிக்கவேணுமோ, ரஞ்சி?"

இதைவிட நேராக ஒரு மனிதன் கேட்க முடியாது. கடவுளே வாசலில் வந்து நின்று கேட்டது மாதிரி. அந்த நேரம் மேசைக்கு முன்னால் இரண்டு வாடிக்கையாளர் நின்றார்கள். மோவன்ஸ் பக்கத்தில் நின்று பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, எல்லாம் சரி" என்றேன். டேனிஷ் வேட்டைக்காரர் ஒருவரையொருவர் வாழ்த்துகிற சொல் ஒன்று இருக்கிறது, க்னெக் ஓ ப்ரெக். முறியட்டும் உடையட்டும் என்கிற மாதிரி ஒரு விபரீதமான வாழ்த்து. அதையும் சொல்லிப் போனை வைத்தேன்.

5. திரும்பி வந்த பை

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிரெபென் பையைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். முதுகில் போடவில்லை, கையில். பழைய சாமான் விற்க எங்கள் கடையில் ஒரு தட்டு இருந்தது. அதில் வைக்கலாமா என்று கேட்டார்.

"ஏன்? பை பிழையோ?" என்றேன்.

"சீ, பை அருமையான பை. ஒரு தையல்கூடப் போகேல்லை. பிழை என்னில."

பிறகு சொன்னார். மூன்றாம் நாள் ஒரு மான் கிடைத்தது. அவரே சுட்டார், ஒரே வெடி. வெட்டித் துணிப்பையில் கட்டி முதுகில் ஏற்றினார். ஒரு கிலோமீற்றர் நடக்கமுன் பட்டை இறங்கத் தொடங்கியது. இறுக்க இறுக்க இறங்கியது. பாரம் முழுவதும் இடது தோளில். விரல்கள் விறைத்தன, பிறகு முழங்கைவரை கை செத்துவிட்டது. கார்ஸ்டன் தன் பையை இறக்கிவிட்டு வந்து அவருடைய மானைத் தூக்கினார். ஒரே பாதையை இரண்டு தரம் நடந்து, இரண்டு நாளில் எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

"நான் கல்லில இருந்து கோப்பி குடிச்சன்" என்றார் பிரெபென். "நான் சுட்ட மானை இன்னொருத்தன் காவ, நான் கோப்பி குடிச்சன். கார்ஸ்டன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான் இன்னும் கஸ்டம். போன கிழமை அவனுக்குச் சொல்லிப்போட்டன், அடுத்த வருசத்துக்கு வேற ஆளைப் பார் எண்டு. வயசு வந்திட்டுது, ரஞ்சி. உடம்பு முடிஞ்சுது. நீர் எனக்கு நல்லாத்தான் செய்தனீர்."

அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்! எனக்கு எங்காவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். பையை வாங்கித் தட்டில் வைத்தால் கதை முடிந்தது. ஒரு குருவிக்கும் தெரியவராது. ஆனால் அந்த மனிதர் கதவைத் தாண்டிப் போகும்போது கிழவனாகப் போவார். அவர் கிழவன் இல்லை என்பது உலகத்தில் எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

"பிரெபென், பிழை உங்களில இல்லை. என்னில" என்றேன்.

சொன்னேன். எலும்பு, பெல்ட், ஐந்தாம் படி, லோன, எல்லாம். தொடக் கூச்சப்பட்டதையும் சொன்னேன். மோவன்ஸ் சப்பாத்துப் பெட்டியோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரெபென் பையின் இடுப்புப் பட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "ஆவணியில நான் போன் எடுத்தனான்" என்றார்.

"ஓம்."

"வேற ஏதும் இருக்கோ எண்டு கேட்டனான்."

"ஓம்."

"அப்ப உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவர் முகம் சிவந்தது. மேசையை ஓங்கி அடித்தார், பேனைகள் உருண்டு விழுந்தன. "என்ன மனிசி நீர்!" என்று கத்திவிட்டுக் கதவுவரை போனார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பி வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி மேசையில் எறிந்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"அளந்து பாரும்" என்றார். "இந்தமுறை ஒழுங்கா."

நான் கண்ணைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் அவருடைய இடுப்பைப் பிடித்தேன். தொந்தியின் பக்கச் சதைக்குள் பெருவிரலை அழுத்தித் தேடினேன். உள்ளே இருந்தது, அந்த விளிம்பு. அளந்தேன். இரண்டு படி இறக்கித் தோள்பட்டியை மாட்டினேன். பட்டையை எலும்புக்கு மேல் வைத்துப் பூட்டினேன், தோளுக்கு மேலுள்ள சிறு பட்டிகளை மெதுவாக இழுத்தேன். அவருடைய தோளுக்கும் பட்டிக்கும் நடுவில் என் விரல் ஒன்று போய்வந்தது.

"எவ்வளவு போடுறது?" என்றேன்.

"மானின்ர நிறை."

முப்பத்தைந்து கிலோ மணல். மோவன்ஸே தூக்கி ஏற்றினார். எங்கள் கடையில் மேல்மாடிக்குப் பதினெட்டுப் படி. பிரெபென் ஏறினார், இறங்கினார். திரும்ப ஏறினார். கடையில் நின்றவர்கள் சாமான் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை, அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அந்தக் கையின் விரல்களை விரித்து மடக்கினார். ஐந்தும் மடங்கின. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். வியர்வை சட்டையை நனைத்துவிட்டது.

கடைசியில் கீழ்ப் படியில், பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஒரு மாதத்துக்கு மேலா நான் கிழவன் எண்டு நம்பிக்கொண்டிருந்தனான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அங்கேயே, அந்தப் படியிலேயே, மூச்சு வாங்க வாங்க எடுத்தார்.

"கார்ஸ்டன், அடுத்த வருசத்துக்கு வேற ஆளைக் கேட்டிட்டியோ? ... கேக்காத. ... ஏனெண்டு பேந்து சொல்லுறன். நீ கேக்காத, அவ்வளவுதான்."

மணல்பைகளை இறக்கினோம். வெறும் பையை முதுகில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு நன்றியும் சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மோவன்ஸ் என்னைத் தையலறைக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். நானே கேட்டேன், "நான் பின்னுக்குப் போகட்டோ?"

"உமக்கு விசரே?" என்றார். "கணினியைத் திறவும். பங்குனியில இருந்து ஆனிவரைக்கும் நீர் வித்த பை எல்லாத்தின்ரயும் பட்டியலை எடும்."

பிரெபெனை விடப் பன்னிரண்டு பேர். அன்று பின்னேரமே ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் ஏசினார். ஏழு பேர் வந்து திரும்ப அளந்துகொண்டு போனார்கள். ஏழு பேரின் இடுப்பெலும்பையும் தொட்டுத்தான் அளந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்தக் கடையில் நின்றேன். எலும்பு எங்கே இருக்கிறது என்று நான் ஒரே நாளில் படித்துவிட்டேன், லோன கையைப் பிடித்து வைத்த அந்த ஒரு நிமிடத்தில். பிழை விட்டேன் என்று சொல்லப் பிரெபெனுக்கு ஒரு போன் எடுக்க வேண்டியிருந்தது. அதை நான் கடைசிவரை எடுக்கவில்லை, அந்த மனிதர்தான் நடந்து கடைக்கு வந்தார். அன்றைக்கு அவர் வராமல் விட்டிருந்தால் இன்றுவரை அவர் வீட்டில் கிழவனாக இருந்திருப்பார், நானும் நல்ல விற்பனையாளர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றிருப்பேன்.